செரியா லீக்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஈப்போவில், சிலிபின் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய்க்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள் ஐரோப்பாவில் எந்த லீக் உசத்தி என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். இருவர் கையிலும் கைப்பேசி. ஒருவன் ஒன்றைச் சொன்னால் மற்றவன் உடனே தேடி ஓர் எண்ணைக் காட்டுவான். இவனும் சளைக்காமல் வேறொரு எண்ணைக் காட்டுவான். எங்கள் காலத்தில் இந்த வசதியெல்லாம் கிடையாது. யாருக்குத் தொண்டை பெரிதோ அவன் சொன்னதுதான் உண்மை.

நான் ஒட்டுக் கேட்பதை அவர்களில் ஒருவன் கண்டுகொண்டான். "அங்கிள், நீங்க எந்த லீக்கு?" என்றான்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே பதில்தான். இங்கிலாந்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன், வரவில்லை. "இப்பல்லாம் பாக்கறதில்ல தம்பி" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு தே தாரேக் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன். அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். அதற்குக் கறுப்பு ரப்பரில் ஓர் உறை. அதிலிருந்து வாடை வருவது போல எனக்குத் தோன்றியது. புது ரப்பருக்கு அப்படியொன்றும் வாடை கிடையாது. என் மூக்கில் சின்ன வயதில் ஏறிய ஒட்டுப்பால் இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒட்டுப்பால் என்பது கித்தா என்கிற ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் வடிந்து காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பால். நார் நாராக உரித்து இழுத்துச் சுற்றினால் பந்தாகிவிடும். தாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் கடையில் வாங்கிய பந்தைப் பார்ப்பதற்கு முன் நாங்கள் உதைத்தது இதைத்தான். எங்கே விழுந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. தலையால் முட்டினால் இரண்டு நாளைக்குப் பக்கத்தில் ஆள் உட்காராது. நான் பிற்காலத்திலும் தலையால் பந்தை முட்டாமல் ஒதுங்கியதற்கு இதுதான் காரணம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். சன்னாசி மட்டும் அதை ஏற்றுக்கொண்டதில்லை. "நீ பயந்தாங்கொள்ளி லா மச்சான். ஒட்டுப்பால ஏன் இழுக்கிற?" என்பான்.

சன்னாசி எனக்கு அடுத்த வீடு. ஒரே லயத்து வீட்டு வரிசை, ஒரே வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இருவரும் ஒரே மாதத்தில் பால் வெட்டப் போனோம். தோட்டத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை வரிசை மரம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதற்கு நிரை என்று பெயர். உன் நிரை உன் பொறுப்பு. பக்கத்து நிரைக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டால் உன் நிரையோடு அவன் நிரையையும் நீ பார்க்க வேண்டியிருக்கும். சன்னாசியின் நிரை என் நிரைக்குப் பக்கத்தில் இருந்தது. காற்பந்துத் திடலிலும் அதே கதைதான். அவன் நடுவில் தடுப்பாளன், நான் அவனுக்கு இடப்பக்கம். எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் என்றால் உடம்பில் வருவது மட்டுமல்ல.

தோட்டத்து மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஐரோப்பிய ஆட்டங்களைப் பதிவு செய்து போடுவார்கள். ஒரு வாரம் இங்கிலாந்து, ஒரு வாரம் இத்தாலி. இத்தாலிக்காரர்கள் தங்கள் முதல்தர லீக்கை 'சேரியே ஆ' என்கிறார்கள். வர்ணனையாளர் அதை வேகமாகச் சொல்லும்போது எங்கள் மண்டபத்தில் அது 'செரியா' என்றுதான் விழுந்தது. ஆட்டத்தை ஆரம்பிக்கும் முன் வெள்ளைக்காரன் மரியாதையாக நம்மிடம் செரியா என்று கேட்கிறான் என்றே பின்வரிசைப் பெரியவர்கள் நினைத்தார்கள். "செரி, செரி, ஆரம்பிக்கச் சொல்லு" என்று ஒருவர் நிஜமாகவே பதில் சொல்வார். இங்கிலாந்துக்காரனுக்கு இந்தப் பண்பு இல்லை, கேட்காமலே ஆரம்பித்துவிடுகிறான் என்ற குறையும் அவர்களுக்கு இருந்தது. உண்மை தெரிந்த பிறகும் எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயர் மாறவில்லை. அது செரியா லீக்.

நான் இங்கிலாந்துக் கட்சி. மழையில், சேற்றில், பந்து எங்கேயோ அங்கே பத்துப் பேரும் ஓடுவார்கள். பார்க்கிற நமக்கு மூச்சு வாங்கும். பின்னால் நிற்க வேண்டியவன் முன்னால் போய் கோல் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றுவான். எனக்கு ஆட்டம் என்றால் அது. சன்னாசிக்கு அதெல்லாம் கோழி விரட்டுகிற விளையாட்டு. அவன் செரியா கட்சி. அங்கே தடுப்பாளர்கள் நான்கு பேரும் கயிறு கட்டியது போல நிற்பார்கள். ஒருவன் இரண்டடி நகர்ந்தால் மற்ற மூவரும் இரண்டடி நகர்வார்கள். முதல் பாதி முடியும்வரை ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றும் நடக்காததை சன்னாசி கண் கொட்டாமல் பார்ப்பான்.

"அவனவன் நிரையில அவனவன் நின்னா கோலு எங்கேருந்து மச்சான் விழும்? செரியா?"

வாதத்தை எப்போதும் அந்த ஒரு சொல்லோடுதான் முடிப்பான். அது லீக்கின் பெயரா, கேள்வியா என்று பிரிக்க முடியாது. நான் செரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. "போலாம் லா, பசிக்குது" என்பேன்.

இனி அந்த இறுதியாட்டம். தோட்டங்களுக்கு இடையிலான கிண்ணம், தாப்பா திடலில். அந்தக் காலத்தில் அரசாங்க இலாகாக்கள் சொந்த அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவனுக்கு அலுவலகத்தில் வேலையும் கிடைக்கும். மரத்தடியிலிருந்து மின்விசிறிக்கு அடியில் போக எங்களைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே குறுக்குவழி அதுதான். அப்படி ஓர் இலாகா அணியின் மேலாளர் அன்று சன்னாசியைப் பார்ப்பதற்கென்றே ஈப்போவிலிருந்து வந்திருந்தார். லயம் முழுவதற்கும் இது தெரியும். ஆட்டம் முடிந்ததும் அவரைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சன்னாசியின் அம்மா ஒரு வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் பையில் மடித்து வைத்திருந்தார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. சன்னாசியைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் பந்து கிடந்தது. இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன காலாயிற்றே, ஓடினேன். "டே, நிரைக்கு வா" என்று சன்னாசி பின்னாலிருந்து கத்தியது கேட்டது. கேட்காத மாதிரி ஓடினேன். பந்தை உதைத்தேன். அது கோலுக்கு மேலே, கம்பிவேலிக்கும் மேலே போயிருந்தால்கூட நல்லது. தடுப்பவன் காலில் பட்டுத் திரும்பியது. இரண்டே உதையில் எங்கள் பக்கம் வந்துவிட்டது. நான் விட்டுவிட்டு வந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. சன்னாசி நடுவை விட்டு அங்கே ஓடினான். வேறு என்ன செய்வான்? அவன் போய்ச் சேர்வதற்குள் பந்தை நடுவுக்குத் தள்ளிவிட்டார்கள். நடுவில் ஆள் இல்லை. கோல்.

ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு என்ன தெரியும்? நடுத் தடுப்பாளன் நடுவில் இல்லை. அது தெரியும். மேலாளர் எங்கள் தோட்டத்து அலுவலகக் கிராணியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். திரும்பும்போது லாரியில் கிராணிதான் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார்: "நல்லாத்தான் ஆடறான், ஆனா கடைசில எடத்த விட்டுட்டுப் போயிட்டானேன்னு சொல்றாருப்பா."

நான் சன்னாசிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். முட்டியோடு முட்டி இடிக்கிற தூரம். 'அவன் என் நிரைக்கு வந்தான் ஐயா' என்று சொல்ல ஐந்து சொல் போதும். கிராணியின் வீட்டில் தொலைபேசி இருந்தது, மறுநாளே அந்த மேலாளருக்குச் சொல்லியிருப்பார். சன்னாசி என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து, ஏற்கெனவே அவிழ்ந்திருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வாயைத் திறக்க வைக்கும் என்பது பொய்.

அதற்குப் பிறகும் பல வருடம் சன்னாசி பால் வெட்டினான். தோட்டம் கைமாறி, கித்தாவை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோதுதான் இருவரும் குடும்பத்தோடு சிலிபினுக்கு வந்தோம். நான் கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தேன், அவன் ஒரு பண்டகசாலையில் காவலுக்கு நின்றான். ஞாயிறு காலை ஜமால் நானா கடையில் சந்திப்போம். முதல் நாள் ஆட்டத்தை அங்கே திரும்பப் போடுவார்கள். நானாவுக்கு ஸ்பெயின். தேநீரை ஒரு சொட்டு சிந்தாமல் ஆற்றுகிறவருக்குப் பந்தை அலுங்காமல் நகர்த்துகிறவர்களைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. "அடிச்சுப் புடுங்கறது ஆட்டமா தம்பி? கொஞ்சணும்" என்பார். ஜெர்மனி லீக்கைப் பற்றி எனக்கு ஒரு மதிப்பு உண்டு. எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஜெர்மன் இயந்திரம் இருந்தது. மற்றதெல்லாம் வாரம் ஒருமுறை படுத்துக்கொள்ளும், அது படுக்காது. ஆனால் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாராவது ரசிப்பார்களா? பிரான்ஸ் லீக்கைப் பற்றி எங்களில் யாரும் ஒரு வார்த்தையும் பேசியதாக நினைவில்லை. பாவம், ஐந்தாவதாகப் பிறந்த பிள்ளை.

வாதம் எங்கே சுற்றினாலும் கடைசியில் சன்னாசி விரலால் மேசையில் நாலு கோடு போடுவான். "அவனவன் நிரையில அவனவன் நிக்கணும். செரியா?" என்று என் முகத்தைப் பார்ப்பான். நானா கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "செரின்னுதான் சொல்லிடேன்யா, என்ன கொறைஞ்சிடப் போற?" என்பார். நான் இங்கிலாந்து அணிகள் அந்த வருடம் போட்ட கோல்களை எண்ண ஆரம்பிப்பேன். அவன் காற்பந்தைப் பற்றித்தான் பேசுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாத மாதிரி இருப்பதற்கு ஒரு லீக் வைத்தால் நான் எல்லா வருடமும் முதலிடம்.

நானா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். சன்னாசி முட்டி வலியோடு தெலுக் இந்தானில் மகள் வீட்டுக்குப் போய் நாலைந்து வருடமாகிறது.

அந்த இளைஞனுக்குப் பொய் சொன்ன அன்றே, சாப்பிட்டு முடித்துக் காரை எடுத்துக்கொண்டு தெலுக் இந்தானுக்குப் போனேன். வழி முழுக்கச் செம்பனை. சன்னாசி கூடத்தில் காலை நீட்டிப் போட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தான்.

"வா மச்சான். இத பாரு, செரியா லீக்குதான் போடறான். இங்கயும் இப்ப பின்னால நிக்கற பேக்கு எல்லாம் முன்னால ஓடறான்லா. ஒருத்தனும் நிக்கறதில்ல. நீ ஜெயிச்சிட்ட."

பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. இடப்பக்கத் தடுப்பாளன் எதிரணிக் கோலடியில் நின்று கையைத் தூக்கிப் பந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

"சன்னாசி, தாப்பாவுல அன்னைக்கு விழுந்த கோலு என் நிரையில வந்தது" என்றேன். "நான் கிராணிகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுக்குத்தானே லீக்குப் பேர வச்சு உன்கிட்ட செரியா செரியான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றான். குரலில் கோபம் இல்லை. "என் மேலயும் தப்பு இருக்கு. உன் நிரைக்கு நான் வந்திருக்கக் கூடாது."

"வராம நின்னிருப்பியா?"

யோசித்தான். "இல்லலா" என்றான்.

மகள் மீன் கறியோடு சோறு போட்டார். ஆட்டம் சமனில் முடிந்தது. சாயங்காலம் கிளம்பும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தான். நான் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். அவன் வழக்கமாகக் கேட்கும் அந்தச் 'செரியா'வைக் கேட்பான் என்று நினைத்தேன். இந்த முறை பதில் வாய்வரை வந்து நின்றது.

"பாத்துப் போ மச்சான்" என்றான். கேட்கவில்லை.