சாய்ந்த வள்ளத்தில் பார்த்த ஆயில் அளவு

புன்னைக்காயலை விட்டுக் காயல்பட்டினத்துக்கு இன்ஜின் வேலை தேடி நடந்துகொண்டிருந்தேன். அந்தோணி அண்ணாச்சி ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. மணலில் சாய்ந்து கிடந்த அவருடைய வள்ளத்தின் டீசல் இன்ஜினுக்கு நான்தான் ஆயில் மாற்றினேன். அளவுக் கம்பி குறைவாகக் காட்டியது, மேலும் ஊற்றினேன். வள்ளம் சாய்ந்திருந்தால் அளவும் தப்பும் என்று தோன்றவில்லை. திங்கட்கிழமை நடுக்கடலில், அதிகமான ஆயிலால் இன்ஜின் புகை கக்கிக் கெட்டது. வேறொரு வள்ளம்தான் இழுத்து வந்தது.

"ஒன்னைய ஏசி என்னலே ஆவப்போவுது? வேற இன்ஜின் வாங்க வழியில்ல, இனி நான் அடுத்தவன் வள்ளத்துல கூலிக்குத்தான் போவணும்," என்றார் அண்ணாச்சி.

மறுநாள் காலை காயல்பட்டினத்தில் அதே வேலை கிடைத்தது. முதலில் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கச் சொன்னேன்.

"ஆயில் மாத்த வந்தீரா, குளிப்பாட்ட வந்தீரா வே?" என்று சிரித்தார் வள்ளக்காரர்.

அந்தோணி அண்ணாச்சியின் நிலையைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்.