இரண்டாம் பாட்டில் அடங்கும் பெட்டி

புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். ஏறிய மேடையிலெல்லாம் இரண்டாம் பாட்டில் அது அடங்கிப்போனது. மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவனைச் சத்தம் வருகிறவரை யாரும் பார்ப்பதில்லை. சத்தம் நின்றால் ஊரே பார்க்கும். வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேடையில் முழித்த அனுபவம் உள்ளவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அது பிடிக்காது.

பகலில் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் சரக்குக் கட்டுவது என் சோலி. சாயங்காலமானால் கிட்டார். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

பழைய பெட்டி

என் பழைய ஆம்ப்ளிஃபயர் உள்ளூரில் ஒட்டுப்போட்டுச் செய்தது. பலகை எங்கிருந்து வந்தது, ஸ்பீக்கர் எதிலிருந்து கழற்றியது என்றெல்லாம் கேட்கக் கூடாது. எங்கள் குழுவை நடத்துகிறவனும் பாடுகிறவனும் பாண்டிதான். அவன் புதிதாக மைக், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கிப் போட்டான். அதற்குப் பக்கத்தில் என் பெட்டி, பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் கரித்துணி மாதிரி கிடந்தது.

போதாததற்குக் கீபோர்டு ஜெபராஜ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பான். மற்ற நாள் எங்களோடு. அவன் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் கிட்டார் சத்தம் வரும். கிட்டார் மாதிரி ஒரு சத்தம். அதை என் காதுபட அமுக்குவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். ஒரு நாள் ஒத்திகையில் நான் வாசித்து முடித்ததும் பாண்டி மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"அண்ணே, உங்க பொட்டி பாடுதா, தும்முதா?"

மதுரைக் கடை

மதுரைக்கு ரயிலேறினேன். கடையில் காதில் கடுக்கன் போட்ட ஒரு விற்பனையாளர். "சார், என்ன மாதிரி மியூசிக் வாசிப்பீங்க?" என்றார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றேன். விளக்கு மின்னுகிற பெட்டிகளாகக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நூறு விதச் சத்தம். எனக்கு ஒரு சத்தம் போதும், அது ஒழுங்காக வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் கிட்டாரை மாட்டி ஒரே கம்பியைத் தட்டிவிட்டு, அது அடங்குகிறவரை நின்று கேட்டேன். பாதிப் பெட்டிகள் கடைசியில் கொசு மாதிரி ரீங்காரம் போட்டன. மூலையில் ஒன்று இருந்தது. பழங்கால ரேடியோ மாதிரி வால்வு போட்டது, நாலைந்து திருகுதான், தூக்கினால் இடுப்பு பிடிக்கும். அதில் கம்பியைத் தட்டினேன். பேசி முடித்த நல்ல மனுஷன் மாதிரி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு அமைதியானது. இதுதான் என்றேன்.

ஆனால் காட்சிக்கு வைத்ததை வாங்க மாட்டேன் என்றேன். சாக்கின் மேல்வாய்ச் சரக்கைப் பார்த்து வாங்குகிறவன் ஏலக்காய்க்காரன் இல்லை. அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுக்கணும். குடோனிலிருந்து பிரிக்காத பெட்டியைக் கொண்டா, இங்கேயே பிரி, வாசித்துப் பார்க்கணும் என்று உட்கார்ந்துவிட்டேன். கொண்டுவந்தார்கள். அதுவும் அப்படியே பேசியது. கட்டும்போது கடுக்கன்காரர் "சார், ஒரு முக்கியமான விஷயம்..." என்று ஆரம்பித்தார். "வெரசாக் கட்டுப்பா, வண்டிக்கு நேரமாச்சு" என்றேன். வாசல் தாண்டும்போது அவர் பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது:

"பெரியவர் ஆம்ப் வாங்க வந்தாரா, ஏலம் எடுக்க வந்தாரா?"

சட்டை

நல்ல சரக்கைக் காற்றில் வைக்கிறவன் மடையன். காற்றுப் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும். அதனால் சாக்குக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் உறை போட்டு, வாயை இறுக்கிக் கட்டுவோம். என் கை அந்த வேலையில் பழகிய கை. பெட்டிக்கும் அதே ஏற்பாடு செய்தேன். டார்ப்பாய்க் கடையில் அளவெடுத்து ஒரு சட்டை. உள்ளே எங்கள் ஏலக்காய்க் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய கறுப்பு உறை. முன்பக்கம் சத்தம் வர மட்டும் திறப்பு. முதுகும் தலையும் பக்கமும் மூடி, கயிறு போட்டு முடிச்சு. கல்யாணத்தில் பன்னீர் தெளிப்பான், திருவிழாவில் புழுதி பறக்கும், மலையில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கும். எதுவும் அண்டக் கூடாது.

என் மனைவி மரகதம் சுற்றி வந்து பார்த்தாள். முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இத்தனை வருசத்துல எனக்கு இப்படி ஒரு சுவெட்டர் எடுத்துத் தந்திருப்பீகளா?"

பாயச வாசம்

முதல் மேடை, போடியில் ஒரு கல்யாண மண்டபம். முதல் பாட்டில் பாண்டியே என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்படி ஒரு நாதம். இரண்டாம் பாட்டில், கிட்டார் தனியாக வாசிக்கிற பிட்டு வருகிற இடத்தில் கம்பியைத் தட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன். கிட்டாரின் வெறும் கட்டைச் சத்தம்தான். ஜெபராஜ் பட்டனை அமுக்கி என் பிட்டை அவனே வாசித்துவிட்டான். நல்ல பாயச வாசம் மட்டும் மேடைக்கு வந்துகொண்டிருந்தது. பெண்ணின் தாய்மாமன் மேடையோரம் வந்து என் தோளைத் தொட்டார். அவர் சொன்னபடியே போய்ச் சாப்பிட்டேன். பாயசம் கேட்டேன், ஐஸ்கிரீம்தான் என்றார்கள். திரும்பி வந்து தட்டினால் சத்தம் வருகிறது. தாய்மாமன் சொன்னது இதுதான்:

"பெரியவரே, பந்தி போட்டாச்சு, போய் உக்காருங்க. இங்க பாட்டு அதுபாட்டுக்கு நடக்குது."

வைத்தியர்கள்

ஊரில் எல்லாருக்கும் கரண்ட் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வோல்டேஜ் என்றான் ஒருவன், ஸ்டெபிலைசர் மாட்டினேன். வயர் என்றான் இன்னொருவன், மாற்றினேன். கண்ணு பட்டிருக்கு என்றார் ஜீப் டிரைவர், எலுமிச்சம்பழமும் கட்டினேன். சிலமலைத் திருவிழாவில் இத்தனையோடும் போய் நின்றேன். இரண்டாம் பாட்டு. பாயச வாசம். அமைதி. ஜெபராஜின் பட்டன்.

இறங்கும்போது பாண்டி பக்கத்தில் வந்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம். "அண்ணே, அடுத்து போடிமெட்டுக்கு மேல எஸ்டேட் திருவிழா. அங்கயும் நின்னுச்சுன்னா, இனிமே கிட்டாரை ஜெபராஜே பாத்துக்கிறட்டும். தப்பா எடுத்துக்காதீக." எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. மறுநாளே பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனேன். சட்டை வீட்டில் கிடந்தது. அந்தக் கடையின் மெக்கானிக் காலையில் போட்டதைச் சாயங்காலம்வரை அணைக்கவில்லை. அது பாட்டுக்குப் பாடியது. அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, பொட்டி நல்லா இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?"

மேலே போகும் மூட்டை

எஸ்டேட்டுக்கு ஜீப்பில் போனோம். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர் எங்களோடு. ஒவ்வொரு வளைவிலும் பெட்டி என் முழங்காலில் இடித்தது. இன்றைக்கு அடங்கினால் திரும்பும்போது இந்த ஜீப்பில் நான் கிட்டார்காரன் இல்லை, லோடு. எதிரில் இருந்த அம்மா மூக்கை உறிஞ்சினார். சட்டையை முகர்ந்தார். பக்கத்து ஆளை இடித்துச் சொன்னார்:

"ஏலக்கா மலையை விட்டு எறங்கித்தான் பாத்திருக்கேன், ஏறி இப்பத்தான் பாக்குறேன்!"

குளிர் காய்ந்தவன்

மேடை போடும்போதே மஞ்சு இறங்கிவிட்டது. நான் சட்டையின் முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். ஜெபராஜுக்கு விரல் விறைத்துப்போனது. ஊதினான், தேய்த்தான், அக்குளில் வைத்தான். முதல் பாட்டு நன்றாகப் போனது. அது முடிந்ததும் அவன் நகர்ந்து வந்து என் பெட்டியின் முதுகில் இரண்டு கையையும் வைத்தான். வெடுக்கென்று எடுத்தான். பிறகு குனிந்து முகர்ந்தான். என்னிடம் வந்து சொல்வதற்குள் பாண்டி அடுத்த பாட்டை எடுத்துவிட்டான்.

நடுவில் பெட்டி அடங்கியது. என் இடத்தை ஜெபராஜின் பட்டன் நிரப்பியது. முடிந்தது என்று கிட்டார் பட்டையைத் தோளிலிருந்து கழற்றினேன். பாட்டு முடிந்ததும் பாண்டி என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து ஏதோ பேச ஆரம்பித்தான். ஜெபராஜ் நேராக என் பெட்டிக்கு வந்து முடிச்சுகளை அவிழ்த்தான். "ஏய், மஞ்சு இறங்குதுடா" என்றேன். காதில் வாங்கவில்லை. சட்டையை உரித்து மேடைக்குக் கீழே எறிந்தான். கறுப்பு உறை ஓரமெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. உள்ளிருந்து சூடும் ஏலக்காய் வாசமும் குப்பென்று கிளம்பியதில், முன்வரிசைப் பெண்கள் யார் வீட்டில் பாயசம் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, பாயசம் மணக்குறப்பல்லாம் உங்க பொட்டி அடங்குது, கவனிச்சீகளா? சூடு தாங்காம அதுவே அணைஞ்சுக்கிருது. முதுகுல காத்துப் போக வழி விட்டிருக்கான், நீங்க அடைச்சு வச்சிருக்கீக" என்றான். பெட்டி ஆறட்டும் என்று மூன்றாம் பாட்டில் நான் சும்மா நின்றேன். நான்காம் பாட்டுக்கு முன்னால் மெதுவாகக் கம்பியைத் தட்டினேன். பேசியது. பிட்டு வருகிற இடம் வந்தது. ஜெபராஜ் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து, என் பெட்டியின் முதுகில் காட்டிக் குளிர் காய்ந்தான். வாசித்தேன். அதன்பிறகு கடைசிவரை அடங்கவில்லை. இறங்கும்போது பாண்டி என் கிட்டாரை வாங்கித் தானே ஜீப்பில் வைத்தான். ஜெபராஜ் மட்டும் சும்மா வருவானா:

"ஏலக்காயை மூடி வைக்கலாம்ணே. அடுப்பை மூடிவச்சு எவனாச்சும் சோறாக்குவானா?"

கடைக்காரர், கரண்ட்டுக்காரர்கள், மெக்கானிக், எலுமிச்சம்பழம் எல்லாம் தாண்டி என் பெட்டியைச் சரிசெய்தது யார் என்று நேரில் கேட்டால் சொல்ல மாட்டேன், எழுத்தில் என்பதால் ஒரு தடவை சொல்லித் தொலைக்கிறேன்: கீபோர்டு ஜெபராஜ்.