சூசை மாமா அடைத்த புண்

முதலில் வந்தது வலி இல்லை. காலையில் பல் துலக்க வாயைத் திறந்தேன், பாதிதான் திறந்தது. கடைவாய்ப் பல்லில் ஏதோ கோளாறு என்று கிராம்பை அடக்கிக்கொண்டு காசிமேட்டுக்கு வேலைக்குப் போனேன். மத்தியானம் என் மனைவி மேரி கொண்டுவந்த சோறு பல்லைத் தாண்டி உள்ளே போகவில்லை.

சில நாட்களுக்கு முன் தோணியின் துருப்பிடித்த ஆணி ஒன்று என் பாதத்தில் ஏறியிருந்தது. நாங்கள் கலப்பத்துக்காரர்கள். தோணிப் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, தண்ணீர் புகாமல் அடைப்பது எங்கள் பிழைப்பு. ராயபுரம் கரையில் அந்த வேலையில் என் தாய்மாமன் சூசையை மிஞ்ச ஆளில்லை. அதை அவரே எல்லோரிடமும் சொல்வார்.

அன்று அவர் என் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கழுவக்கூட இல்லை. பஞ்சைத் திரித்து ஆணி போன வழியில் தள்ளி, மேலே குங்கிலியத்தைப் பூசினார்.

"கடலயே உள்ள வுடமாட்டேன். காத்து பூந்துடுமா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் கரையில் மீனுக்குப் பஞ்சம் வரலாம், தலையாட்ட ஆளுக்குப் பஞ்சம் வராது.

சோறு இறங்காத அன்றே மேரி என்னைக் கொண்டுபோன அரசாங்க ஆஸ்பத்திரியில், ஒரு டாக்டரம்மா அந்த அடைப்பை இடுக்கியால் பிடுங்கினார். ரண ஜன்னி (புண்ணில் புகுந்த கிருமியின் விஷத்தால் தசைகள் விறைத்துக்கொள்ளும் நோய்) என்றார். தாடையில் தொடங்கி முதுகுக்கு இறங்குமாம். மூச்சுத் தசைக்கு வந்துவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று மேரியிடம் மறைக்காமல் சொன்னார்.

இந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதையைப் போலக் கிடக்கும். காற்றுப் படும் இடத்தில் அது வளராது. காற்றில்லாத பொந்து கிடைத்தால் முளைத்து விஷம் கக்கும். ஊதாச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சாயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, தலை பருத்த மேளக்குச்சி மாதிரி தெரியுமாம். இதன் பங்காளி ஒன்று தசையை அழுகவைத்துத் தோலுக்கடியில் வாயுவை நிரப்பும். எதிர்க்கட்டிலில் கிடந்த துறைமுகக் கூலியின் காலை வாங்கியது அதுதான். காற்றுக்குப் பயந்து ஒளிகிற அற்பங்கள். இதுகளிடம் தோற்றுச் சாவதா என்று எனக்கு வெட்கமாகவே இருந்தது.

"இதை யாரும்மா அடைச்சது?" என்று டாக்டரம்மா கேட்டார். மேரி சொன்னாள்.

"நல்லாத்தான் அடைச்சிருக்கார். கிருமிக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கார்."

புண்ணை அகலமாகக் கீறித் திறந்து வைத்தார்கள். ஆன்டிடாக்ஸின் (குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்து) ஏற்றினார்கள். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, சத்தமே கூடாது என்றார்கள். ஒரு கிண்ணம் விழுந்தாலும் உடம்பு வில்லாய் வளையும். துறைமுகச் சங்கை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. அது ஊதும்போதெல்லாம் தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் பட, நடுவுடம்பு மேலே எழும்பும். மூச்சு திரும்பும்வரை மேரி என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

முகத்தசையும் இழுத்துக்கொண்டதால், உதடு விரிந்து பல் தெரிய, ஏளனமாகச் சிரிப்பது போலவே கிடந்தேன். அதுவும் நோயின் குறி. புத்தி மட்டும் மங்கவே இல்லை. அதனால் பார்க்க வந்த சொந்தங்களை நன்றாகவே பார்த்தேன்.

"சிரிச்சிகினுதானே கீறான், இன்னாத்துக்கு பேஜாரு?" என்று சித்தப்பா கதவை அறைந்து சாத்தினார். நான் வளைந்தேன். நான் சாகும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத பெரியம்மா ஒப்பாரியைத் தொடங்கினாள். மறுபடி வளைந்தேன். மேரி இருவரையும் பிடித்து வெளியே தள்ளிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். உங்கள் வீட்டில் ஒருவர் இப்படிக் கிடந்தால், பாசத்தோடு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மருந்துக்கு அடுத்து என்னைக் காப்பாற்றியது மேரியின் அந்த மரியாதைக்குறைவுதான்.

விறைப்பு மெல்ல மெல்ல விட்டது. மூன்று விரல் உள்ளே போகும் அளவு வாய் திறந்த அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்று நினைக்காதே என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

நடக்கப் பழகிய பிறகு மேரி என்னைக் கரைக்கு அழைத்துப்போனாள். சூசை மாமா ஒரு கூலியின் காலை மடியில் வைத்துப் பஞ்சு திரித்துக்கொண்டிருந்தார். அவன் பாதத்திலும் ஆணி.

"இதோ வந்துட்டான் பாரு. நான் அடச்சதாலதான் இவன் உசுரு வெளிய போவல," என்றார். சுற்றி நின்ற தலைகள் ஆடின.

என் உதடு மேலே ஏறியது. மேரி என் தாடையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னா, மறுபடியும் வந்துட்ச்சா?"

"இல்ல மேரி. இந்த சிரிப்பு என்னுது."

மாமாவின் கையிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். அந்த ஆளின் காலைக் கழுவி, புண்ணைத் திறந்தபடியே விட்டு, ரிக்‌ஷாவில் ஏற்றி ஊசி போட அழைத்துப்போனோம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது சங்கு ஊதியது. முன்பெல்லாம் எனக்கு அது வேலை நேரம், சோற்று நேரம். இப்போது அது ஊதினால் தாடை இறுகுகிறது. வாய்க்குள் விரல்களை விட்டுப் பார்த்துக்கொள்கிறேன். மூன்றும் உள்ளே போகின்றன. அதற்குப் பிறகுதான் அடுத்த பொழுது எனக்கு உண்டு என்று ஆகிறது.