நாற்பது நிமிட வாய்

எங்கள் இரத்தோட்டை வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது பெரிய செய்தியல்ல. அது பேசியதுதான் செய்தி. கண் தெரியாத சித்தப்பாவுக்காகக் கண்டியிலிருந்து வந்தது. அவர் அடிக்கும் ஒவ்வொரு சொல்லையும், மூக்கடைத்த வெள்ளைக்காரனைப் போல ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும். இது பேசும் என்று வழியில் இராணுவ செக்பொயின்ட்டில் அப்பா உண்மையைச் சொல்லித் தொலைத்ததால், யாரோடு பேசும் என்று நீண்ட விசாரணை நடந்ததாம்.

பேச வைக்கும் புரோகிராமின் விலைக்கு அப்பா ஓட்டும் த்ரீவீல் ஆட்டோவுக்கு ஒரு தம்பி வாங்கியிருக்கலாம். ஆகவே எங்களிடம் இருந்தது இலவச மாதிரி. நாற்பது நிமிடம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். மெஷினை அணைத்துத்தான் மறுபடி போட வேண்டும். அது எழும்புவதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும். இன்று இதே வித்தை கைபேசியில் சும்மாவே கிடைக்கிறது, தமிழிலும் பேசுகிறது.

மாத்தளையில் மிளகு ஏற்றுமதி செய்யும் முதலாளி ஒருவர் ஆங்கிலக் கடிதம் எழுத ஆள் தேடினார். கண் தெரியாதவர் எப்படி எழுதுவார் என்று நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். இதுவும் கைவிட்டுப் போனால் இனி யாரிடமும் வேலை கேட்பதில்லை என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

வளைவில் வேன் தெரிந்ததும் கத்துவது என் உத்தியோகம். ஊருக்கே கேட்கக் கத்தினேன். சித்தப்பா மெஷினைப் போட்டார். ஆனால் அம்மாவின் சட்டப்படி, வந்தவர் தேத்தண்ணி குடிக்காமல் எதையும் பார்க்கக் கூடாது. தேத்தண்ணிக்குப் பின் பெட்டிஸ், பெட்டிஸுக்குப் பின் கேக். சித்தப்பா கைக்கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தடவியபடியே இருந்தார்.

"அண்ணி, அவருக்குப் போதுங்க."

"நீங்க சும்மா இருங்க தம்பி. இன்னும் வாழைப்பழம் இருக்கு."

ஒருவழியாக முதலாளி எழுந்து வந்தார். அவர் தமிழில் சொல்ல, சித்தப்பா ஆங்கிலத்தில் அடிக்க, மெஷின் திருப்பிச் சொன்னது. ஒவ்வொரு சொல்லுக்கும் முதலாளி தொடையில் தட்டினார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. கடைசி வரி மிச்சமிருக்கும்போது மெஷின் வாயை மூடிக்கொண்டது.

"என்ன தம்பி, தூங்கிருச்சா?"

"களைச்சிருக்கும் முதலாளி. சும்மா கிடைச்ச வாய், நாப்பது நிமிஷந்தான் பேசும்," என்றார் சித்தப்பா, விரலை நிறுத்தாமலே.

முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டித் திரையை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார். அப்பாவும் பார்த்தார். வகுப்பில் ஆங்கிலத்துக்கு முதலாவதாக வரும் நானும் பார்த்துத் தலையாட்டினேன்.

"திங்கக்கிழமை வாங்க. அந்தப் பெட்டிக்கு முழு வாயா நானே வாங்கிப் போடுறேன்."

வேன் போன பிறகு சித்தப்பா மெஷினை அணைத்து மறுபடி போட்டார். நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். காத்திருந்து, கடிதத்தை முதலிலிருந்து கேட்டார். கடைசி வரியில் மெஷின் தும்முவது போல ஏதேதோ சொன்னது. கீபோர்டில் கை ஒரு கட்டை தள்ளி விழுந்து, வரி முழுக்கக் குப்பை. விளங்காத சொற்களாக இருந்ததால் உயர்ந்த ஆங்கிலம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

சித்தப்பா சிரிக்கத் தொடங்கினார். தன் பிழையைத் தானே பிடித்துவிட்டதாகக் குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னார். வாசலில் நின்ற அப்பாவிடம் சொன்னார். வேலை கிடைத்ததைக்கூட அவர் அப்படிச் சொல்லித் திரியவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பள்ளிக் கொப்பியிலும்தான் கிழமை தவறாமல் டீச்சரின் கையில் பிழை அகப்பட்டது. ஒருநாளும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.