கருவி கத்தாத கட்டி

கஜனியின் தலையில் நாங்கள் கருவி பிடித்து விளையாடியதை நினைத்தால் எனக்கு இப்போதும் என்மேல் ஆத்திரம் வருகிறது. நாயாற்றுப் பக்கக் காடுகளில் கண்ணிவெடி அகற்றும் பெண்கள் நாங்கள். பதினாறு வயதில், கடைசிச் சண்டையில், உடையார்கட்டில் அவள் வாங்கிய ஷெல் துண்டு வலது காதுக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது. தேநீர் நேரத்தில் யாராவது இரும்பு தேடும் கருவியை அவள் காதருகே கொண்டுபோனால் அது கத்தும். "பாருங்கோ, என்ர பீஸ் கூப்பிடுது" என்பாள். வயிறு நோகச் சிரிப்போம். வாயாடி, பிடிவாதக்காரி. கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க முழங்காலில் நின்றாலும் சலிக்கமாட்டாள்.

கல்யாணமாகி ஏழாம் வருடம்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாள். ஐந்தாம் மாதம் தலையிடி தொடங்கியது. காலையில் எழும்பினால் தலையிடியும் சத்தியும், குடித்த தேநீரும் வெளியே வந்துவிடும். பிறகு கிணற்று வாளி இரண்டாகத் தெரிந்தது.

"பீஸ்தான் அக்கா. மழை வந்தா அது குடையும்."

"ஓமடி, வேற என்ன" என்று நானும் அடித்துச் சொன்னேன்.

எங்கள் ஊரில் எத்தனையோ பேரின் உடம்பில் இரும்பு இருக்கிறது. எந்த நோவு வந்தாலும் அதன் தலையில் பழியைப் போட்டுப் பழகிவிட்டோம். மருத்துவிச்சி இராசமலர் ஒவ்வொரு கிளினிக்கிலும் தலையிடி இருக்கிறதா என்று கேட்டா. இவள் "இல்லை மிஸ்" என்றே சொன்னாள். பழைய நோவை யார் புது வருத்தமாகச் சொல்வார்கள்?

ஏழாம் மாதம் மிஸ் கிளினிக் அட்டையை நீட்டியபோது, கஜனியின் கை ஒரு சாண் தள்ளி வெறுங்காற்றைப் பிடித்தது.

"பிள்ளை, உமக்குக் கண் வடிவாத் தெரியுதே?"

அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினா. நானும் கூடப் போனேன். தலையில் இரும்பு இருப்பதால் காந்த ஸ்கான் கூடாது என்று, வயிற்றை ஈயத் துணியால் மூடி மற்ற ஸ்கானை எடுத்தார்கள். பீஸ் பதினைந்து வருடமாகக் கிடந்த இடத்திலேயே பேசாமல் கிடந்தது. இடது பக்கத்தில் தேசிக்காயளவு கட்டி ஒன்று.

ஓரிடத்தில் கருவி கத்தி, இரும்பை எடுத்த பிறகும், சுற்றிவர இன்னொருமுறை தேடாமல் எழும்பக்கூடாது. எங்கள் வேலையில் முதல் படிப்பிப்பது அதைத்தான். பற்றைக்குள் தினமும் செய்ததை அவள் தலைக்கு நான் செய்யவில்லை. சதைக்குக் கருவி கத்தாது என்பது எனக்குத் தெரியாததா?

கட்டி பொல்லாததில்லை, ஆனால் பிள்ளையோடு சேர்ந்து வேகமாக வளர்கிறது என்றார் டொக்டர். இப்போதே தலையைத் திறந்தால் பிள்ளைக்கு ஆபத்து. தள்ளிப்போட்டால் அவளுக்குக் கண் போகும், உயிரும் போகலாம். "எனக்கு இவள் வேணும் டொக்டர்" என்று கணவன் லக்ஷன் விம்மினான். கஜனி அழவில்லை.

"பிள்ளை வெளியில வந்து தப்ப எத்தினை கிழமை வேணும்?"

"குறைஞ்சது நாலு, ஒரு மாசம்."

"அப்ப நாலு கிழமை பொறுக்கிறன்."

வீக்கம் குறைக்கும் குளிசைகளோடு அந்த நாலு கிழமையும் வார்டில் கிடந்தாள். மூன்றாம் கிழமை இடது கண் இருண்டது. கடைசியில் வயிற்றை வெட்டிப் பெண் பிள்ளையை எடுத்தார்கள். ஆறு நாள் கழித்துத் தலையைத் திறந்து கட்டியையும் எடுத்தார்கள்.

மொட்டைத் தலையும் கட்டுமாகச் சாய்ந்திருந்தவளின் மடியில் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தேன். மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் கனநேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையின் காதுக்குப் பின்னால் விரலை வைத்து, நாங்கள் நிலம் தேடும் அதே நிதானத்தில், மற்றக் காதுவரை மெல்ல மெல்ல நகர்த்தினாள்.

"ஒண்டுமில்லை அக்கா."

"ஓமடி, ஒண்டுமில்லை" என்றேன்.

"பாக்காமச் சொல்லாதேங்கோ. இந்தாங்கோ, நீங்களும் ஒருக்காத் தேடுங்கோ."

பிள்ளையை வாங்கி, வலது காதடியிலிருந்து தொடங்கினேன்.