குடத்துக்குள் போன மூர்க்கன்

நல்ல பாம்பை உயிரோடு பிடித்தவன் என்று இதுவரை ஐந்தாறு கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். பிடித்தது என் அக்கா. நான் மிளகு மூட்டைகளோடு இன்னொரு மூட்டையாக நின்றேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் அத்தாவின் மிளகுக் கிடங்கு. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஆண்களெல்லாம் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட அக்கா, அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடங்கில் உட்கார்ந்து, பொட்டலம் கட்ட வாங்கிப்போட்ட பழைய பத்திரிகைகளைப் படிப்பாள். அன்று நானும் வயிற்றுவலி என்று தொழுகைக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போனேன். எனக்கு ஒன்பது வயது.

எங்கள் ஊரில் மூர்க்கன் என்று சொல்லும் அந்த நல்ல பாம்பு சாக்கிடுக்கிலிருந்து வந்து எனக்கெதிரே, சுவரோரமாகப் படமெடுத்தது.

"அசையாதே. தும்மல் வந்தாலும் முழுங்கு," என்றாள் அக்கா.

மிளகுக் கிடங்கில் இதைவிடக் கடினமான கட்டளை கிடையாது.

இடக்கொச்சியிலிருந்து பாம்பு பிடிக்க வரும் சேட்டனை இருவருமே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். நான் பாம்பைப் பார்த்தேன். அவள் அவர் கையைப் பார்த்திருக்கிறாள். சுமைக்காரர்களின் தண்ணீர்க் குடத்தைக் காலிசெய்து, சுவரோரம் படுக்கவைத்து, வாயைப் பாம்பின் பக்கம் திருப்பினாள். அடிக்கவில்லை, கழுத்தைப் பிடிக்கவில்லை. எட்ட நின்று, ஒட்டடைக் கம்பின் நுனியால் வாலை லேசாகத் தொட்டாள். படம் சுருங்கியது. இருட்டைக் கண்டு அது தானாகவே குடத்துக்குள் போயிற்று. அதே கம்பால் ஒரு முறத்தைத் தள்ளி வாயை மூடி, அரை மூட்டை மிளகை அண்டக்கொடுத்தாள்.

அப்புறம்தான் தும்மினேன்.

"நீதான் பிடிச்சே. நான் இங்க வரவே இல்ல, கேட்டியா?" என்று உள்ளே ஓடிவிட்டாள். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த சுமைக்காரர் ஒருவர், "எடா மிடுக்கா!" என்று மலையாளத்தில் மெச்சி என்னைத் தூக்கிச் சுற்றினார். அத்தா என் வயிற்றுவலியை மறந்தேவிட்டார். நான்கு முறை கதை சொன்னேன். நான்காவது முறை, "வீட்டுக்குள்ள போகப் பாத்துச்சு, அத்தா. நான்தான் மறிச்சேன்," என்றும் சேர்த்தேன்.

பெண்கள் இருக்கிற வீடாயிற்றே என்று அத்தா அன்று மாலையே ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்கதவை ஆணியடித்து மூடினார். ஆணி எடுத்துக் கொடுத்தது நான்தான். என் வீரத்துக்குச் செய்த மரியாதையாகவே அது பட்டது. அக்கா சோறு வேண்டாமென்று படுத்ததைப் பாம்பு பயம் என்று கணித்தேன்.

"பயப்படாதேக்கா, இனி அந்தப் பக்கமிருந்து ஒண்ணும் வராது," என்று மறுநாள் தைரியம் சொன்னேன்.

"பாம்பை விட்டுட்டு உன்னைக் குடத்துல போட்டு மூடியிருக்கணும்டா," என்றாள்.