ஏன் டீச்சரின் பத்தாம் வகுப்பு

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஏன் டீச்சர்’. யார் என்ன பதில் சொன்னாலும் “சரி, ஏன்?” என்று கேட்பாள். லாரி ஓட்டுநரின் மகள். பள்ளியில் ஆங்கிலப் பதில்களை நெட்டுருப் போட்டு முதல் மதிப்பெண் வாங்கியவள், கல்லூரியில் யாரோ ஆங்கிலத்தில் நலம் விசாரித்ததற்கு வாய் திறக்க முடியாமல் நின்றாள். அந்த அவமானம்தான் அவளை ஆங்கில ஆசிரியை ஆக்கியது. தன் வகுப்பில் எவரும் புரியாத வரியை ஒப்பிக்கக் கூடாது என்பதில் பிடிவாதம். இப்போதைய பத்தாம் வகுப்பை எட்டாம் வகுப்பிலிருந்தே அவள்தான் கூட்டி வந்தாள். அரசுத் தேர்வு வரை அவர்களோடு போய்விட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பள்ளியில் இன்னொரு ஆங்கில ஆசிரியை உண்டு, மூத்தவர். இவளுக்கு அவர் ‘அக்கா’. புதுப் பாடம் தொடங்கும் முன் இருவரும் மாடிப்படித் திருப்பத்தில் நின்று ஒத்திகை பார்ப்பார்கள். அக்கா மாணவியாக நடித்துக் குறுக்குக் கேள்வி கேட்பார், இவள் திணறுவாள், இருவரும் சிரிப்பார்கள்.

அந்த வாரப் பாடம் ஒரு கதை. எசமானி தினமும் அடிக்கிறாள். வேலைக்காரப் பெண் பொறுத்துப் போகிறாள். முடிவில் எசமானி திருந்துகிறாள். பாடநூல் கேட்ட கேள்வி: வேலைக்காரப் பெண்ணின் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்ன? அடித்தவளைப் பற்றிப் புத்தகத்துக்குக் கேட்க ஒன்றுமே இல்லை!

அக்கா பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “டீச்சர், டீச்சர்! அந்தம்மா திருந்தாமலே இருந்தா? இவ சாகிற வரைக்கும் பொறுக்கணுமா?” என்றார்.

“அக்கா, இதையே வகுப்புல கேக்கட்டுமா?”

“கேளேன். தூங்குறவனும் எழுந்து உட்காருவான்.”

கேட்டாள். வகுப்பு கொந்தளித்தது. மரக்கடைக்காரரின் மகள் மட்டும் பேசவில்லை. அவள் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அப்பா அம்மாவை நோக்கிக் கையை ஓங்கியபோது குறுக்கே போய் நின்று, “அம்மா சாகிற வரைக்கும் பொறுக்கணுமாப்பா?” என்று கேட்டுவிட்டாள்.

மறுநாள் மரக்கடைக்காரர் தலைமையாசிரியர் அறையில் இருந்தார். பள்ளிக்குப் பெஞ்சு செய்து கொடுத்த புண்ணியவான்.

“இங்கிலீஷ் சொல்லித் தாங்கன்னு அனுப்பினா, என் வீட்டுக்குள்ள வந்து பஞ்சாயத்து பண்றாங்க சார்!”

“டீச்சர், புத்தகத்துல இருக்கிற கேள்விக்கே பசங்களுக்குப் பதில் வரல. இல்லாத கேள்வி எதுக்கும்மா?” என்றார் தலைமையாசிரியர்.

பெண்டாட்டியை அடிப்பவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கேள்வி கேட்டவள் நின்றுகொண்டிருந்தாள். இருந்தும் அவள் கலங்கவில்லை. “ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார் பாடத்தைத் தயார் பண்ணோம். அக்காவைக் கேளுங்க.”

அக்கா வந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“நான் அப்பவே சொன்னேன் சார், இந்த வம்பெல்லாம் வேணாம்னு. கேட்டாத்தானே?”

பத்தாம் வகுப்பு அன்றே அக்காவுக்குப் போனது. அவளை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினார்கள்.

படித் திருப்பத்தில் அக்கா அவள் கையைப் பிடித்தார். “கோவிச்சுக்காதே. எனக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்கிடுச்சு. இப்போ போய்ப் பேரைக் கெடுத்துக்க முடியுமா? உனக்கு வயசிருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“அந்தப் பாடத்தையே எனக்கு நடத்துறீங்களேக்கா!”

“பாடம் வேற, பொழப்பு வேற,” என்று சொல்லிவிட்டு அக்கா படியேறினார்.

ஆறாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் பிரிப்பது ஒரு பலகைத் தடுப்பு. அடுத்த வாரம் அதற்கப்பால் அக்கா பாடநூல் கேள்விக்கான பதிலை வரிவரியாகச் சொல்ல, அவள் வளர்த்த பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். பொறுமை. பரிசு. மறுபடியும் பொறுமை. அவளால் உட்கார முடியவில்லை. வராந்தாவுக்குப் போய் ஜன்னல் வழியே பார்த்தாள். முதல் பெஞ்சில் மரக்கடைக்காரரின் மகள். எல்லோரையும் விட அவள் குரல்தான் உரக்கக் கேட்டது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல, இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு வாய் வரவில்லை. அவளைக் காப்பாற்ற அங்கே எந்தப் பெரியவர் இருந்தார்? ஜன்னலில் டீச்சரைப் பார்த்ததும் அவள் தலை குனிந்துகொண்டாள். ஒப்பிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.